ஜேர்மன் நகரங்களின் வெள்ளி நாணயம்: கூலி வாங்கியவர் பக்கக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளிவரும் உலக நாணயங்கள் பற்றிய தொடரில், மத்தியகால ஜேர்மன் வணிக நகரங்களின் வெள்ளி நாணயங்களைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். மலையகப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புகளுக்கு வர்த்தகமும் கணக்கியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற வகையில், பாடநூல்கள் எட்டிப் பார்க்காத இத்தகைய விடயத்துக்குத் தமிழ்ப் பத்திரிகையொன்று முழுப் பக்கம் ஒதுக்கியதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அக்கட்டுரை அந்த நாணயங்களை அவற்றை அடித்த வணிகர்களின் பக்கத்திலிருந்து மட்டுமே பார்க்கிறது. அவற்றைக் கூலியாகக் கைநீட்டி வாங்கியவர்களின் பக்கமும் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக வேறொருவர் எழுதிய பேரேட்டில் தம் உழைப்பின் பெறுமதியைப் பார்த்து வந்த மலையக மக்களுக்கு அந்தப் பக்கம்தான் எளிதில் விளங்கும் என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டுரையில் உள்ள ஒரு தகவலை முதலில் திருத்த வேண்டியுள்ளது. ஹன்சா என்ற வணிக நகரக் கூட்டணி தனக்கெனப் பொது நாணயமொன்றை வெளியிட்டது என்று அதில் எழுதப்பட்டுள்ளது. அப்படியொரு நாணயம் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஹன்சாவுக்கு அரசன் இல்லை, நிலையான கருவூலம் இல்லை, 1356 முதல் கூடத் தொடங்கிய அதன் பொதுச்சபைகூடத் தேவை எழுந்தபோது மட்டுமே கூடியது. லூபெக் வணிகன் ஒருவன் தன் ஊரில் லூபெக் மார்க்கிலும், டான்சிக்கில் பிரஷ்ய மார்க்கிலும், புரூஜ் நகரில் பிளெமிய குரோட்டிலும், லண்டனில் ஸ்டேர்லிங்கிலும் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. ரஷ்யாவின் நொவ்கொரொட்டுக்குப் போனால் அங்கே நாணயத்துக்குப் பதிலாக வெள்ளிக் கட்டிகளே பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு உதவின. கொலோன் ஹன்சாவின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்றாயினும், அதன் நாணய உலகம் ரைன் நதியை ஒட்டியதேயன்றிப் பால்டிக் கடலை ஒட்டியதன்று. கட்டுரையாளர் மனத்தில் கொண்டிருக்கக்கூடிய பொது ஏற்பாடு, வட ஜேர்மனியின் சில நகரங்கள் மட்டும் செய்துகொண்ட வெண்டிய நாணய உடன்படிக்கையாக இருக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன், ஏனெனில் இந்த வரலாற்றில் மெச்சத்தக்க பகுதி அதுவே.

கட்டுரையோடு அச்சாகியிருந்த படமும் பொருத்தமானதன்று. உள்ளங்கையில் கனக்கும் தடித்த வெள்ளி நாணயம் ஒன்று அதில் காட்டப்பட்டுள்ளது. அது தாலர் வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பெரிய வெள்ளி நாணயம் 1486 இல் டிரோல் பகுதியில் முதன்முதலாக அடிக்கப்பட்டு, 1520 ஆம் ஆண்டை ஒட்டிப் பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் சுரங்க ஊரிலிருந்து பெருந்தொகையாக வெளிவரத் தொடங்கியது. அதாவது, கட்டுரை பேசும் காலம் ஏறத்தாழ முடிந்த பின்னர் வந்தது. 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகளில் லூபெக்கிலோ ஹம்பர்க்கிலோ மக்கள் கையில் புழங்கியது பெனிக் என்னும் மிகச் சிறு காசு. அதன் எடை அரைக் கிராம்கூடத் தேறாது. தகடாக அடித்த வெள்ளியை வட்டமாக நறுக்கி, மென்மையான அடிப்பொருளின் மேல் வைத்து ஒரே ஒரு அச்சால் ஒரு பக்கம் மட்டும் அடிப்பார்கள். முன்பக்கத்து உருவம் பின்பக்கத்தில் குழிந்து தெரியும். அழுத்தி வளைத்தால் வளையும், கவனமின்றிப் பிடித்தால் விளிம்பு உடையும். இந்தக் காசு பெரும் வணிகத்தின் கருவியாக இருந்திருக்க முடியாது என்பது அதன் அளவைப் பார்த்த எவருக்கும் புரியும். அது ரொட்டிக்கும் பியருக்கும் மீனுக்கும் நாட்கூலிக்கும் உரிய காசு.

கட்டுரையில் அடிக்கடி வரும் மார்க் என்பதும் அக்காலத்தில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய நாணயமாக இருக்கவில்லை. முதலில் அது வெள்ளியின் ஓர் எடை. கொலோன் மார்க் ஏறக்குறைய 233.8 கிராம். பின்னர் அது 16 ஷில்லிங்கையும் 192 பெனிக்கையும் குறிக்கும் கணக்கு அலகானது. மார்க் என்ற பெறுமதியில் ஒரு நாணயத்தை லூபெக் அடித்தது 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஷில்லிங் நாணயமே 1432 இல்தான் அங்கு வெளிவந்தது. ஆக, ஏடுகளில் மார்க்கும் ஷில்லிங்கும் எழுதப்பட்ட காலத்தில், பெட்டியைத் திறந்தால் உள்ளே கிடந்தவை பெரும்பாலும் சின்னஞ்சிறு பெனிக்குகளும், 14 ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த, 4 பெனிக் பெறுமதியுள்ள விட்டன் என்ற சற்றே பெரிய காசுகளுமே. கணக்கில் ஒரு பணமும் கையில் வேறொரு பணமுமாக இருந்த இந்த நிலையை விளங்கிக்கொள்ளாமல் அக்கால வெள்ளியைப் பற்றி எழுதும்போது தவறுகள் நேர்வது இயல்பே.

இனிக் கூலி வாங்கியவர்களின் கணக்குக்கு வருகிறேன். 12 ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் நாடுகளின் பல பகுதிகளில் நாணயம் அடிக்கும் உரிமை கோமகன்களிடமும் பேராயர்களிடமும் இருந்தது. அவர்கள் அதிலிருந்து வருமானம் பெற்ற வழி எளிமையானது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஆண்டுச் சந்தை கூடும் வேளையில், புழக்கத்திலுள்ள காசு இனிச் செல்லாது என அறிவிப்பார்கள். பழைய காசைக் கொண்டுவந்து புதிய முத்திரையுள்ள காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும் இடத்தில் 4 பழையதற்கு 3 புதியது கிடைக்கும், அல்லது 12 இற்கு 9. மக்டபேர்க்கின் பேராயர் விக்மான், 1152 முதல் 1192 வரை அந்தப் பதவியில் இருந்தவர், இதை ஆண்டுக்கு இருமுறை செய்தார். காசு ஆறு மாதமே உயிர் வாழப் போகிறதென்றால் அதைத் தடிமனாக அடிக்க வேண்டிய அவசியம் என்ன? கட்டுரையாளர் வியந்து எழுதியுள்ள அந்தத் தகட்டுக் காசுகளின் நொய்மைக்கும், அவற்றின் முகத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாறிய அழகிய உருவங்களுக்கும் பின்னால் நின்றது இந்த வரி வசூல் முறையே. கலை நயம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கலைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

இந்த முறையில் அகப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தூரதேச வணிகன் தன் செல்வத்தைத் துணியாகவும் மெழுகாகவும் தோலாகவும் வெள்ளிக் கட்டியாகவும் வைத்திருந்தான். அவனுடைய கட்டியை எந்தப் பேராயராலும் செல்லாது என்று சொல்ல முடியாது. குடியானவனும் கூலியாளும் கைவினைஞனும் சேமித்ததோ காசாகத்தான். நாலு காசு சேர்த்து வைத்தவன் அறிவிப்பு வந்த அன்று மூன்று காசுக்காரன் ஆனான். இதனால் காசைச் சேர்த்து வைக்காமல் கிடைத்தவுடன் செலவழித்து விடுவதே புத்திசாலித்தனம் என்று ஆயிற்று. சிக்கனமற்றவர்கள் என்ற பழியை வறியவர் மேல் சுமத்துவதற்கு முன் அவர் கையிலுள்ள பணம் எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும் என்று என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

நகரங்கள் நாணய உரிமையைத் தம் கையில் எடுக்க முனைந்தது இந்தப் பின்னணியில்தான். லூபெக்குக்கு 1226 இல் பேரரசர் இரண்டாம் பிரடெரிக் வழங்கிய உரிமைச் சாசனத்தில் நாணயம் அடிக்கும் உரிமையும் அடங்கியிருந்தது. ஹம்பர்க் தன் நாணய உரிமையை 1325 இல் ஹொல்ஸ்டைன் கோமகன்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. வேறு நகரங்களும் பெருந்தொகை கொடுத்து, பல சமயம் தம் பிரபுக்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்தி, நாணயம் அடிக்கும் இடமான அக்கசாலையைக் கைப்பற்றின. அப்படிக் கைப்பற்றிய இடங்களில் இடையிடையே செல்லாது என அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தி, என்றைக்கும் செல்லும் காசை அடிக்கத் தொடங்கினார்கள். மக்கள் அதை என்றென்றைக்குமான பெனிக் என்றே அழைத்தார்கள். இந்தச் சாதனையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போயிருப்பது எனக்கு ஏமாற்றமளித்தது. கோட்டையும் கதீட்ரலும் கட்டியதை விட, ஒரு சலவைக்காரி மார்கழியில் பெட்டியில் போட்ட காசு ஆடியிலும் அதே காசாக இருக்கும்படி செய்தது குறைந்த காரியமல்ல.

வெண்டிய நாணய உடன்படிக்கை இதற்கு அடுத்த படி. ஹம்பர்க்கும் லூபெக்கும் 1255 ஆம் ஆண்டிலேயே தம் காசுகளின் தரத்தை ஒப்பாக வைத்துக்கொள்ள உடன்பட்டிருந்தன. 1379 இல் லூபெக், ஹம்பர்க், விஸ்மார் ஆகிய மூன்றும் முறையான உடன்படிக்கை செய்தன. உப்புக்குப் பேர்போன லூனபேர்க் 1381 இல் வந்து சேர்ந்தது. ரொஸ்டொக்கும் ஸ்ட்ரால்சுண்டும் அவ்வப்போது சேர்ந்தும் விலகியும் இயங்கின. ஒரு மார்க் எடை வெள்ளியில் எத்தனை விட்டன் வெட்ட வேண்டும், அதில் எத்தனை பங்கு செம்பு சேரலாம் என்பதை நகரங்கள் கூடித் தீர்மானித்தன. ஒவ்வொரு நகரமும் தன் சொந்தச் சின்னத்தை முகத்தில் பொறித்துக்கொண்டது. லூபெக்குக்கு இரட்டைத் தலைக் கழுகு, ஹம்பர்க்குக்குக் கோபுரங்களுடைய கோட்டை, விஸ்மாருக்கு எருதுத் தலை, ரொஸ்டொக்குக்குக் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்கு, ஸ்ட்ரால்சுண்டுக்கு அம்புமுனை போன்றதோர் உருவம். பின்புறத்துச் சிலுவையும் காசின் அளவும் தோற்றமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்தறியாத மீன்காரனும் உருவத்தைப் பார்த்து எந்த ஊர்க் காசு என்று சொல்லிவிடுவான், எடையும் வெள்ளியின் தரமும் ஒன்றே என்பதால் அவன் பேதம் பார்க்க வேண்டியதுமில்லை. சிலுவையின் அமைப்பில் ஒவ்வொரு புதிய உடன்படிக்கையின் போதும் செய்யப்பட்ட சிறு மாற்றங்களைக் கொண்டே இன்றைய நாணயவியலார் ஒரு காசு எந்த உடன்படிக்கைக்கு உரியது எனப் பிரித்தறிகிறார்கள்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. ஒரு நகரத்தின் காசை இன்னொரு நகரம் சோதிக்கலாம் என்ற ஏற்பாடே இந்த உடன்படிக்கையின் உயிர்நாடி. காசுகளை எடுத்து நிறுத்து, சிலவற்றை ஈயத்தோடு சேர்த்துப் புடமிட்டு, எஞ்சிய தூய வெள்ளியை மீண்டும் நிறுத்தால் செம்பு எவ்வளவு கலந்தது என்பது தெரிந்துவிடும். கொழும்புச் செட்டியார் தெருவில் நகை விற்கப் போனவர்களுக்கு மாற்றுப் பார்ப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் தூய வெள்ளியை 16 லொட் என்று கணக்கிட்டார்கள். விட்டன் காசு அதில் ஏறக்குறைய 13 லொட் தரத்தில் தொடங்கியது. அளவு பிசகினால் பிற நகரங்கள் அந்தக் காசைத் தம் சந்தையில் மறுத்துவிடலாம். அக்கசாலைத் தலைவன் சத்தியப்பிரமாணம் செய்துதான் பொறுப்பேற்பான். கள்ளக் காசு அடித்தவனுக்கு மன்னிப்பே இல்லை. இன்று நெதர்லாந்தில் இருக்கும் டெவென்டர் என்ற ஹன்சா நகரத்தின் பழைய எடைமண்டபச் சுவரில், 1434 இல் அப்படியொருவனை வேகவைத்ததாகச் சொல்லப்படும் கொப்பரை இப்போதும் தொங்குகிறது. தண்டனையின் கொடுமையை நான் மெச்சவில்லை. ஒருவர் அடித்ததை இன்னொருவர் நிறுத்துப் பார்க்கும் உரிமை இருந்தது என்பதையே மெச்சுகிறேன்.

எமது மலைநாட்டுக்கும் இதை ஒத்த அனுபவம் உண்டு என்பதைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால் நிச்சயம் குறிப்பிட்டிருப்பார். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக வாழ்ந்த ரொபேர்ட் நொக்ஸ், தூண்டில் முள்போல வளைத்த வெள்ளிக் கம்பி அங்கு காசாக வழங்கியதை விவரித்திருக்கிறார். அரசனுடைய அனுமதியோடு எவரும் அதைச் செய்யலாம், விரும்பிய குறியை அதில் பொறிக்கலாம். ஐயம் எழுந்தால் நெருப்பில் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவார்கள். வெளுப்பாக வந்தால் செல்லும், இல்லையேல் செல்லாது. அடிப்பவனை மட்டுப்படுத்தாமல் வாங்குபவனின் கையில் சோதனையை ஒப்படைத்த ஏற்பாடு இது. லூபெக்கில் சோதனை நகர சபையின் கையில் இருந்தது. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாணயம் பற்றிய அறிவு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று எண்ணும் இளைய வாசகர்கள், எங்கள் மலைச்சரிவுகளில் வெள்ளியைப் புடம் பார்க்கத் தெரிந்த சாதாரண மனிதர்கள் நடமாடினார்கள் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

மீண்டும் பால்டிக் கரைக்கே வருகிறேன். நகரங்களின் கட்டுப்பாட்டால் வெள்ளியின் தரம் நூற்றாண்டுகளாக மாறாமல் நின்றது என்ற கட்டுரையின் முடிவை நான் ஏற்கவில்லை. 1379 இல் ஒரு மார்க் எடைத் தூய வெள்ளியிலிருந்து லூபெக் கணக்கில் 4 மார்க்குக்குச் சற்று அதிகமான காசு அடிக்கப்பட்டது. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே எடை வெள்ளியிலிருந்து 12 மார்க்குக்கு மேல் அடிக்கப்பட்டது. அதாவது ஒன்றேகால் நூற்றாண்டில் கணக்கு மார்க்கில் இருந்த வெள்ளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இதற்கு நகர சபைகளின் பேராசை மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமன்று. ஹார்ஸ் மலையின் ரம்மல்ஸ்பேர்க்கும், 1168 அளவில் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட சக்சனியின் பிரைபேர்க்கும், 13 ஆம் நூற்றாண்டின் முடிவில் பெருகிய பொஹீமியாவின் குட்னா ஹோராவும் தந்த வெள்ளி, 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 15 ஆம் நூற்றாண்டிலும் போதவில்லை. தோலுக்கும் மெழுகுக்கும் ஈடாக வெள்ளி கிழக்கே போய்க்கொண்டேயிருந்தது. காசு கைமாறிக் கைமாறித் தேயும், தேய்ந்த காசோடு சேர்ந்து புழங்கும் புதுக் காசைக் கனமாக அடித்தால், கனமானதைப் பொறுக்கி உருக்கிவிடுவார்கள். அயல் நாடுகளின் இளைத்த காசுகள் சந்தைக்குள் நுழைந்தால் நல்ல காசு ஒளிந்துகொள்ளும். இந்த நெருக்கடிகளுக்கு முன் எந்த நகர சபையும் நீண்ட காலம் நின்றுபிடித்திருக்க முடியாது. உடன்படிக்கை வீழ்ச்சியைத் தடுக்கவில்லை, அதை மெதுவாக்கியது, எல்லா நகரங்களிலும் ஒரே நேரத்தில் நடக்கச் செய்தது. அதற்கே அதைப் பாராட்டலாம்.

ஆனால் அந்த வீழ்ச்சியின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை. லூபெக் 1340 இல் பேரரசர் லுட்விக்கிடமிருந்து பொன் நாணயம் அடிக்கும் உரிமையையும் பெற்றது. புளோரன்ஸ் நகரத்துப் புளோரினைப் பார்த்து, ஏறக்குறைய 3.5 கிராம் எடையில், பொன் குல்டன் அடிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பொன்னின் தரத்தைப் பேணுவதில் அவர்கள் காட்டிய கவனம் வெள்ளிச் சில்லறையில் இல்லை. கப்பல் பங்கும் காணியும் தூரதேசக் கடனும் பொன்னையோ தூய வெள்ளியின் எடையையோ அடிப்படையாகக் கொண்டு பேசப்படலாம். பாரம் தூக்கியவனுக்கும், உப்புக் கொப்பரைக்கு விறகு சுமந்தவனுக்கும், கட்டடத்தில் கல் சுமந்தவனுக்கும் கூலி காசின் எண்ணிக்கையாகவே கொடுக்கப்பட்டது. எண்ணிக்கை மாறாமல் இருக்க, காசு மட்டும் இளைத்தது. பொன் குல்டனுக்கு எத்தனை ஷில்லிங் என்ற மாற்றுவீதம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டு போனதைப் பார்த்தால் இந்த இடைவெளி தெரியும். தரத்தைத் தீர்மானித்த லூபெக் சபையில் வணிகக் குடும்பங்கள் அமர்ந்திருந்தன, கைவினைஞர்களுக்கு அங்கே இடமில்லை. 1380 இலும் 1384 இலும் இறைச்சிக் கடைக்காரர்கள் முன்னின்று நடத்திய கிளர்ச்சிகளுக்கும், 1408 முதல் 1416 வரை பழைய சபை அகற்றப்பட்டிருந்ததற்கும் நாணயமே காரணம் என்று நான் கூற மாட்டேன். வரியும் கடனும் அதிகாரமும் அவற்றில் கலந்திருந்தன. எனினும் யாரிடம் தராசு இருந்தது என்ற கேள்வியை அவை எழுப்பாமல் இல்லை.

கட்டுரையில் குறிப்பிடப்பட்ட லூபெக் புதையலையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1984 இல் பழைய கட்டடமொன்று இடிக்கப்பட்டபோது வெளிப்பட்ட அந்தப் புதையலில் 20,000 இற்கு மேற்பட்ட நாணயங்கள் இருந்தன, அவற்றுள் சில நூறு பொன். 1530 களில் புதைக்கப்பட்ட அது பெருஞ்செல்வன் ஒருவனுடையது என்பதில் ஐயமில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணைப் பறிப்பதும் அதுவே. கூலிக்காரனின் காசு அப்படிக் குவியலாகக் கிடைப்பதில்லை. தேவாலயத் தரைப்பலகைகளின் இடுக்கிலும் பழைய மலக்குழிகளிலும் துறைமுகச் சேற்றிலும் ஒன்றிரண்டாக, தவறவிட்டபடியே, அகழ்வாராய்ச்சியாளர் கையில் அகப்படுகிறது. அன்றாட வாழ்க்கையில் எந்தக் காசு உண்மையில் புழங்கியது என்பதை அறியப் புதையலை விட இவையே மேலான சாட்சி.

ஜேர்மன் வெள்ளிக்கும் எங்கள் தேயிலை மலைகளுக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்ட ஒரு காலமும் உண்டு. அது மத்தியகாலம் அன்று, 19 ஆம் நூற்றாண்டு. 1871 இல் ஒன்றுபட்ட ஜேர்மன் பேரரசு, லூபெக்கும் ஹம்பர்க்கும் நூற்றாண்டுகளாகக் கணக்கு எழுதிய மார்க்கின் பெயரையே தன் புதிய நாணயத்துக்குச் சூட்டி, 1873 இல் அதைப் பொன்னின் மேல் நிறுத்தியது. தேவையற்றுப் போன பழைய வெள்ளியை 1879 வரை உலகச் சந்தையில் விற்றது. மற்ற நாடுகளும் வெள்ளியைக் கைவிட, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி வந்து குவிய, அதன் விலை சரிந்தது. இலங்கை 1872 முதல் ரூபாவையும் சதத்தையும் கணக்கு அலகாகக் கொண்டிருந்தது, அந்த ரூபா இந்திய வெள்ளி ரூபாவே. 1870 களின் தொடக்கத்தில் 2 ஆங்கிலேய ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபா, 1893 அளவில் 1 ஷில்லிங் 3 பென்சை ஒட்டி வந்து நின்றது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்த காலம் அது. தேயிலை லண்டனில் பொன் அடிப்படையிலான ஸ்டேர்லிங்குக்கு விற்கப்பட்டது, கூலி இங்கே வெள்ளி ரூபாவில் கொடுக்கப்பட்டது. ரூபா இறங்க இறங்கத் துரைமாருக்கு ஒரே கூலிச் செலவு ஸ்டேர்லிங் கணக்கில் குறைந்துகொண்டே வந்தது. இந்தியாவிலும் அதே ரூபா வழங்கியதால் அரிசி விலை உடனடியாக அதே அளவில் ஏறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் நன்மையில் பங்கு கேட்கும் வழி மலையில் கொழுந்து பறித்தவளுக்கு இருக்கவில்லை. தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாவாக அடித்துக் கொடுப்பதை 1893 இல் இந்திய அக்கசாலைகள் நிறுத்தியபோதும், பின்னர் ரூபா 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற அளவில் நிறுத்தப்பட்டபோதும், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் முன்னோரில் பலருக்கு அந்த ரூபாகூட முழுதாகக் கைக்கு வரவில்லை. அரிசிக்கும் கம்பளிக்கும் முற்பணத்துக்கும் கழித்தது போக, மிச்சம் பெரிய கங்காணியின் கணக்கில் நின்றது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகத் துண்டு என்னும் சீட்டு வேண்டும், அந்தத் துண்டில் கடன் எழுதியிருக்கும். 1921 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, வெள்ளியை விட அந்தக் காகிதமே ஒரு மனிதனின் விலையைத் தீர்மானித்தது. கணக்கில் மார்க்கும் கையில் தேய்ந்த பெனிக்குமாக வாழ்ந்தவனை லயத்தில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அன்னியனாக நினைக்கத் தேவையில்லை என்று நான் எழுதுவது இதனால்தான்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அச்சான தாலர் படத்துக்குப் பதிலாக, ஒரு விட்டனின் இரு பக்கங்களையும், ஒருபக்க அச்சுள்ள ஒரு பெனிக்கையும், அளவு தெரியும்படி எமது ஒரு ரூபா நாணயத்தை அருகில் வைத்து அடுத்த இதழில் வெளியிட வேண்டும். லூபெக் விட்டனில் 'மொனேட்டா லுபிசென்சிஸ்' என்று கழுகைச் சுற்றி ஓடும் எழுத்தைத் தேடிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறக்கும். மற்றது, தொடர் இலங்கைக்கு வரும்போது மன்னர்களின் காசுகளோடு நின்றுவிடாமல், கோப்பிக் காலத்தில் தனியார் கம்பனிகள் தம் தொழிலாளருக்கென வெளியிட்ட பித்தளை, செம்பு வில்லைகளையும், விக்டோரியா காலத்து 10, 25, 50 சத வெள்ளிக் காசுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை மலையகத்தில் இன்னும் சில வீடுகளில் சாமித்தட்டிலோ பழைய தகரப் பெட்டியிலோ கிடக்கின்றன.

அப்படி வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் துலக்கும்போது அவற்றையும் எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கருமை படிந்திருப்பதால் வெள்ளி கெட்டுவிடாது. தேய்த்தால் மேற்பரப்பில் கீறல் விழுந்து, ஆண்டும் எழுத்தும் மழுங்கி, ஆய்வாளருக்கும் சேகரிப்பாளருக்கும் அதன் பெறுமதி குறைந்துபோகும். உலர்ந்த கடதாசி உறையில் தனித்தனியாகப் போட்டு, விளிம்பைப் பிடித்து எடுத்தால் போதுமானது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வர்த்தகபாட ஆசிரியர்,
பண்டாரவளை.